தானாக உருளும் கட்டை

“பொளந்த விறகு இல்லையாம். முழுக் கட்டைதான் வந்திருக்கு,” என்றாள் ஜஹீருன்னிசா.

ஆம்பூரில் அவள் பிரியாணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே விறகடுப்புதான். வெள்ளிக்கிழமைக்குப் பெரிய ஆர்டர் வேறு.

தோல் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து போன மாதம் ரிட்டயரான நசீர் அகமதுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஏதாவது உபயோகமாக இருக்க வேண்டும் என்று மனுஷர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். தம் போட்ட பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்து திறந்து பார்த்து மனைவிக்கு யோசனை சொன்னதெல்லாம் அந்தத் தவிப்பில்தான். அவள் கும்பிட்டுக் கேட்டும் நிறுத்தவில்லை.

“கோடாலி வாங்கியாரட்டுமா?” என்றாள் அவள்.

“கோடாலியா? இன்னா காலத்துல இருக்கே நீ? மெஷினே பண்றேன் பாரு!”

லாரி ஜாக்கியைப் படுக்க வைத்து, முனையில் இரும்பு ஆப்பைப் பற்றவைத்தார். கட்டை பிளந்தது. ஆனால் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் தோள் வீங்கிவிட்டது.

“மோட்டார் மாட்டக்கூடாதா?” என்றாள் அவள், தைலம் தேய்த்தபடி.

மாட்டினார். மெஷின் வேகத்துக்குக் கட்டையைத் தூக்கிப் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

“கட்டை தானா உருண்டு வந்தா தேவல,” என்றாள்.

தகரத்தில் சரிவு செய்தார். கட்டைகள் மொத்தமாக உருண்டு வந்து, மெஷினைத் தாண்டி, கோழிக்கூண்டையும் துணிக்கொடியையும் கூட்டிக்கொண்டு போயின. நடுவில் ஒரு தடுப்பு வைத்தார். இப்போது ஒவ்வொன்றாக ஒழுங்காக வந்தன. பிளந்த விறகுதான் குவிந்து சமையற்கட்டின் பின்வாசலை அடைத்துக்கொண்டது. அவரால் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. அதை மட்டும் அவள் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பிரியாணி பிரமாதம் என்று தெருவே பேசியது.

“பாத்தியா, என் விறகு!”

“பின்ன? எல்லாம் உங்க விறகுதான்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் தானும் ஒரு ஆள் என்று நினைக்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

பழைய பெல்ட் ஒன்றைப் பூட்டி, விறகு கொல்லை மூலையில் போய் விழும்படி செய்தார். மெஷினில் இனிக் கை வைக்க ஒன்றுமில்லை. மனைவியைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினார்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றாள். அவள் முகம் வாடிப்போனது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூரணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பாராட்டை வாங்கிக்கொள்ள நசீர் அகமது சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“யக்கா, பொளந்த விறகு வேணாம், முழுக் கட்டையாவே போடுன்னு கேட்டு வாங்குனீங்களே, அது எந்தக் கடை? எங்க வூட்டுக்காரரும் திங்கக்கெழம ரிட்டயராவறாரு.”