கோபத்தை விட்ட நாற்பது நாள்

நான் ஒரு கன்னியாஸ்திரி. கோபக்காரியும்கூட. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதை நம்பாதவர்கள் எங்கள் மடத்துக் குசினியில் அரை மணித்தியாலம் நின்று பார்க்கலாம். இந்தக் கதையை மூன்று பாதர்மாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். மூவரும் நான் கத்தியதற்கு மன்னிப்புத் தந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டது கத்தியதற்கு அல்ல என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. (ஒருவர் தட்டிக்கு அந்தப்பக்கம் சிரித்தார். எனக்குக் கேட்டது, பாதர்.)

கோபம் எனக்கு அப்பா வழி வந்தது. அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகியதால், வீட்டில் உப்புக் கேட்பதையும் கப்பலில் நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்பார். அந்தக் குரலை அப்படியே வாங்கிக்கொண்டு நான் மடத்தில் சேர்ந்தேன்.

பத்து வருடங்களுக்கு முன் என்னை மூதூருக்கு அனுப்பினார்கள். மூன்று சகோதரிகளும் ஒரு மதரும் இருந்த சின்ன மடம். மூதூருக்குத் தெற்கே, பஸ் போகாத காட்டோரத்தில் இருக்கும் வேடர் குடியிருப்புகளுக்குப் போவதுதான் எங்கள் வேலை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, இடுப்பு கழன்று போய் இறங்குவோம். பாலர் பாடசாலை நடத்துவோம், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்போம், அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதுவோம். நாங்கள் யாரையும் மதம் மாற்றவில்லை. அவர்கள் தங்கள் முன்னோருக்குச் சடங்கு வைத்தால் எங்களையும் கூப்பிடுவார்கள், நாங்களும் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

அந்தக் குடியிருப்பிலிருந்து, பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரை வந்த முதல் பிள்ளை தங்கேஸ்வரி. பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவள் காட்டுக்குள் பிறந்தவள். தாய் பொன்னி அக்கா நிறைமாதத்தில் தேன் எடுக்கப் போன இடத்தில் பெற்றெடுத்தார். எந்தப் புத்தகத்திலும் அது பதியப்படவில்லை. இப்போது காலங்கடந்த பதிவாகப் பதியலாம், அதற்குத் திருகோணமலை நகரத்தில் ஒரு அலுவலகம் இருந்தது. அடையாள அட்டை விண்ணப்பங்களை, உயிர்ப்பு ஞாயிறோடு முடியும் பெரிய கிழமைக்கு முந்தின வெள்ளியன்று அனுப்பிவிடுவேன், அதற்குள் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்து நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் மடங்களில் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை ஒறுத்துவிட வேண்டும். ஒரு சிஸ்டர் சீனியை விட்டார், மற்றவர் கைத்தொலைபேசியை விட்டார். நான் மீனை விடுவதாகச் சொன்னேன். எங்கள் மதர் யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு சொல்லும் வீணாக்க மாட்டார்.

"நீர் மீன் தின்னுறதே இல்லை. ஆண்டவரை ஏமாத்தாதையும். கோவத்தை விடும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விட்டுக் காட்டுகிறேன் பார் என்று (கோபத்தோடுதான்) பீடத்தின் முன் முழந்தாளிட்டு வாக்குக் கொடுத்தேன். இருபத்தொன்பது வயதில் மனிதருக்குப் புத்தி வந்துவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

புதன்கிழமைகளில்தான் அந்த அலுவலகத்தில் பொதுமக்களைப் பார்ப்பார்கள். முதல் தடவை போனது, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு பொன்னி அக்காவையும் தங்கேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு கிண்ணியா வழியாக நகரத்துக்கு பஸ் ஏறினேன். அலுவலகத்தில் இரும்பு அலுமாரிக்கு முன்னால் கதிரையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அலுமாரி ஐயா என்று வைத்துக்கொள்வோம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சிஸ்டர், நெத்தியில ஏதோ ஊத்தை."

நான் புன்னகைத்தேன். அன்று தொடங்கிய புன்னகை.

கிராம சேவகரின் கடிதம் இல்லை என்றார். அடுத்த புதன் கடிதத்தோடு போனோம், முத்திரை தெளிவில்லை என்றார். அதற்கடுத்த புதன், பிறந்ததைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் வேண்டும் என்றார். பொன்னி அக்காவின் தமக்கையையும் ஒரு மாமாவையும் உழவு இயந்திரத்திலும் பஸ்ஸிலும் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினோம். மாமா தன் வாழ்நாளில் இரண்டாம் தடவையாக நகரத்தைப் பார்க்கிறார். அலுமாரி ஐயா அவர்களுடைய அடையாள அட்டைகளைக் கேட்டார். அவர்களிடம் இல்லை.

"அப்ப இவையள் பிறந்ததுக்கு என்ன ஆதாரம்?"

இரண்டு பேரும் அவருக்கு முன்னால்தான் நின்றார்கள். மாமா இருமக்கூடச் செய்தார். அதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் அப்படிக் கேட்டால் அந்தக் கட்டடத்தின் ஓடு நிற்காது. அன்று நான், "பரவாயில்லை ஐயா, அடுத்த கிழமை வாறம்" என்றேன். வெளியே வந்து எனக்குள்ளே பெருமைப்பட்டேன். என்ன பொறுமை! என்ன தாழ்ச்சி! இரவுச் செபத்தில் ஆண்டவருக்குக் கணக்கொப்புவித்தேன். மதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தபோது எனக்குச் சிறகு முளைத்தது.

ஐந்தாவது புதனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிறந்த திகதியைக் கேட்டார். பொன்னி அக்கா கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் விடாமல் சொன்னார்.

"பாலைப்பழம் பழுத்துக் கொட்டின காலம் ஐயா. நிலவு தேய்ஞ்சு மூண்டாம் நாள். ஆத்துக்கு இந்தப்பக்கம் நிக்கிற பெரிய பாலைமரத்தடியில. என்ட அக்காதான் பிள்ளையைப் பிடிச்சவ. விடியச்சாமம் மழை தூறினது."

எனக்கு என் சொந்தப் பிறப்பைப் பற்றி இதில் பாதிகூடத் தெரியாது. அலுமாரி ஐயா பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார்.

"கேட்டீரே? பாலைப்பழத்துக்கு எத்தினையாம் திகதியாம்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பொன்னி அக்கா தலையைக் குனிந்தார். நான் என்ன செய்தேன்? ஒரு மாதப் பயிற்சியில் என் முகம் புன்னகையிலேயே இறுகிப்போயிருந்தது. அந்த முகத்தோடு நானும் அங்கே நின்றேன்.

ஆறாவது புதன் எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தது. அலுமாரி பூட்டியிருக்கிறதாம், திறப்பு வைத்திருப்பவர் லீவாம். அந்த வெள்ளிக்கிழமை அதிபர் மற்றப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டார்.

பெரிய கிழமைப் புதன், ஏழாவது தடவை. சான்றிதழ் கிடைத்தால் அதிபரிடம் மன்றாடிப் பார்க்கலாம் என்று நான்தான் பிடிவாதமாகப் புறப்பட்டேன். பொன்னி அக்கா வரவில்லை. தங்கேஸ்வரி மட்டும் வந்தாள். பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"சிஸ்டர், அவர் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கேக்குள்ள நீங்களும் சிரிச்சனீங்கள்."

"நான் சிரிக்கேல்லைப் பிள்ளை. இது தவக்காலம். நான் கோவத்தை விட்டிருக்கிறன்."

"ஆருக்காக?"

"ஆண்டவருக்காக."

"பாலர் பாடசாலையில பிள்ளையள் சத்தம் போட்டா வெளியால மாடு மிரளுற மாதிரிக் கத்துவியள். எங்களுக்காக ஒருக்காக் கத்த ஏலாமல் போச்சு. நீங்கள் நல்ல பேர் எடுத்திட்டியள். எனக்குச் சோதினை கைவிட்டுப் போயிட்டுது."

அவ்வளவுதான் சொன்னாள். நகரம் வரும்வரை நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு மணியும் உருளவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் என் உடம்பில் நெடுநேரம் அவமானமாகவே இருக்காது. பஸ் நிலையத்தில் இறங்கும்போது அது அப்பாவின் கோபமாகிவிட்டது.

அலுவலகத்துக்குள் எப்படி நுழைந்தேன் என்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் தாங்களாக வழிவிட்டார்கள். அதே மேசை, அதே அலுமாரி, கோப்புகளுக்கு மேல் குனிந்த ஒரு தலை. தொடங்கினேன். ஆறு புதன்களையும் சேர்த்துத் தொடங்கினேன். பாலைப்பழத்துக்குத் திகதி கேட்ட உமக்கு உம்முடைய தாய் உம்மைப் பெற்ற மரம் தெரியுமா என்று கேட்டேன். (கன்னியாஸ்திரி கேட்கிற கேள்வியா இது?) ஆதாரம் வேண்டுமா, இந்தா ஆதாரம் என்று தங்கேஸ்வரியை முன்னால் இழுத்து நிறுத்தினேன். மேசையில் ஓங்கி அடித்தேன். தேத்தண்ணிக் கோப்பை பாய்ந்து என் வெள்ளை உடுப்பில் ஊற்றியது. கையை வீசியபோது இடுப்புச் செபமாலை அலுமாரியின் கைபிடியில் மாட்டி அறுந்து, மணிகள் அலுவலகம் முழுக்க ஓடின. அதற்கும் அவரையே ஏசினேன். பக்கத்து மேசைக்காரர் என் கண்ணில் படாமல் கீழே குனிந்து மணி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடி போட்ட, மெலிந்த, நான் வாழ்நாளில் கண்டிராத முகம்.

"சிஸ்டர்... நான் இண்டைக்குக் காலமைதான் பொறுப்பெடுத்தனான். முந்தினவர் மாற்றலாகிப் போட்டார்."

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம், ஆனால் அதற்கும் ஏதாவது விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாக்கும். அந்த மனிதர் எழுந்து, அலுமாரியைத் திறந்தார். திறப்பு அலுமாரியிலேயே தொங்கியது. தங்கேஸ்வரியின் கோப்பை எடுத்து வாசித்தார்.

"இதில ஒரு குறையும் இல்லையே. ரண்டாம் கிழமையே குடுத்திருக்கலாம். ஒரு கையெழுத்துத்தானே."

மற்றதெல்லாம் தேவையற்ற அலைச்சலாம். அவர் அங்கேயே கையெழுத்து வைத்தார். தங்கேஸ்வரி அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "சேர், கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை." அவர் அதிபருக்குத் தொலைபேசி எடுத்தார், இன்னும் இரண்டு இடத்துக்கு எடுத்தார். ஏலாது என்றார்கள்.

என் தண்டனை அதோடு முடியவில்லை. மறுநாள் பெரிய வியாழன். நகரத்துக் கோவிலில் பாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் சடங்கு. தண்ணீர்ச் சாடியும் துவாயும் பிடிப்பது என் முறை. பதினொரு பேர் கழுவியாயிற்று. பன்னிரண்டாவது ஆளுக்குக் காய்ச்சல் என்று, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரைப் பாதர் பிடித்து இருத்தியிருந்தார். கண்ணாடி, மெலிந்த முகம். நான் சாடியோடு குனிந்ததும் அவர் இரண்டு கால்களையும் கதிரைக்குள் இழுத்துக்கொண்டார். பாதர் காலைத் தேடினார். பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டது. மதர் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின.

"உங்கட மேல ஊத்தமாட்டன், காலை நீட்டுங்கோ" என்றேன் மெதுவாக. (மெதுவாகச் சொன்னதாக நான் நினைத்தேன். பின்வாங்கில் வரை கேட்டதாம்.)

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த அடுத்த கிழமை அந்த மனிதர் பதிவுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, எங்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் குடியிருப்புக்கே வந்தார். பயத்தில் வந்தாரா, மனச்சாட்சியில் வந்தாரா என்று நான் கேட்கவில்லை. மாமா உட்பட ஒருவரையும் விடாமல் எழுதினார். பொன்னி அக்கா சொல்லச்சொல்ல ஒரு தரமும் சிரிக்கவில்லை.

தங்கேஸ்வரி அடுத்த வருடம் பரீட்சை எழுதினாள். சித்தியடைந்தாள். கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே போய்விட்டார்கள். அந்த வருடத்தை அவள் தாயோடு காட்டில் விறகு கட்டிக் கழித்தாள். அதைப் பறித்தது அலுமாரி ஐயா மட்டுமல்ல. என் புண்ணியமும் பறித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதர் மாறிப் போகும்போது, அடுத்து வந்த மதரிடம் வீட்டுத் திறப்புகளோடு ஒரு எச்சரிக்கையையும் கொடுத்துவிட்டுப் போனார்: தவக்காலத்தில் இவ தேத்தண்ணியை விடட்டும், வேறெதையும் விட விடாதையும்.

தங்கேஸ்வரி இப்போது மூதூரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஒவ்வொரு விபூதிப் புதனும் காலையில் என் தொலைபேசி அடிக்கும். இந்த முறையும் அடித்தது.

"சிஸ்டர், இந்தமுறை என்னத்தை விடுறியள்?"

"தேத்தண்ணி."

"ஓம், அதை விடுங்கோ. மற்றதைப் பத்திரமா வச்சிருங்கோ. வாற புதன் எங்கட பிள்ளையள் ரண்டு பேருக்கு ஒரு கையெழுத்து எடுக்கோணும்."