கத்தரிப் பாத்திக்குக் காவல் நின்ற சிடிகள்

மொன்றியலில் ஒரு கணினி நிரலுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கவேண்டும். பூசை முடிந்து மூன்று மாதத்தில் அந்த நிரலின் வண்டவாளம் வெளியே வந்தது. அதற்கு முழுக் காரணமும் நான்தான். இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு கதையின் நடுவில் யாரும் என் பக்கம் பேச வரவேண்டாம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநான்கு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஏழு பேர் வேலை செய்த ஒரு சின்ன நிறுவனத்தில் நிரல் எழுதச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்ததும் ஒன்றில் நிரந்தரக் கடிதம், இல்லையென்றால் கைகுலுக்கி வழியனுப்புதல். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்யப் போன முதல் ஆள் நான். அம்மா ஒரு தையல் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். அப்பா துறைமுகத்தில் கொன்டெய்னர் லொறி ஓட்டுபவர். (அவரும் உட்கார்ந்துதான் வேலை செய்தார், ஆனால் அம்மாவின் கணக்கில் அது வேறு.)

நாங்கள் செய்துகொண்டிருந்த நிரலும் அப்பாவின் தொழிலைப் பற்றியதுதான். துறைமுக வாசலில் லொறிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். எந்த லொறி எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று முன்கூட்டியே நேரம் கொடுக்கும் நிரல் அது. அது ஓடத் தொடங்கினால் மாசி மாதக் குளிரில் அப்பா வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே எனக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டும், அந்த நிரலும் ஓடவேண்டும். இரண்டும் ஒரே ஆசைதான்.

என் மேலாளர் பெனுவா நல்ல மனிதர். கடைசியாகச் சேர்ந்தவளுக்கு யாரும் விரும்பாத வேலையைக் கொடுப்பது உலக வழக்கம், அவரும் அப்படியே செய்தார். ஸ்கேனரை என் தலையில் கட்டினார். ஸ்கேனர் என்பது நாங்கள் எழுதும் நிரலைத் தானாக வாசித்து, "இந்த வரியில் பிழை, அந்த வரியில் ஆபத்து" என்று பட்டியல் போடும் இன்னொரு நிரல். பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியரைப்போல. எது பிழை என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க ஒரு விதித் தொகுப்பு உண்டு. நான் வந்தபோது அது நாற்பத்தொரு பிழை காட்டிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்தினேன். வைகாசி முடிவதற்குள் பூச்சியம்.

பெனுவா வெள்ளைப் பலகையில் பெரிதாக ஒரு பூச்சியம் வரைந்து, அதைச் சுற்றி வெயில் அடிப்பதுபோலக் கோடுகளும் போட்டார். ஆறு பேரும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கணிதத்தில் முட்டை வாங்கியபோது கிடைக்காத மரியாதையெல்லாம் இந்த முட்டைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அங்கேதான் சனி பிடித்தது.

அம்மா அடுத்த ஞாயிறே எங்கள் பங்குக் குருவான சுவாமியிடம் போய்ப் பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தோனியார் திருநாள் பூசையில், பங்கு மக்கள் முழுப்பேரும் நிறைந்திருக்க, சுவாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "மகளின் கொம்பியூட்டர் வேலையில் ஒரு பிழையும் இல்லாமல் காத்த புனித அந்தோனியாருக்கு நன்றியாக." தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். ஒன்றையும் கண்டுபிடிக்காததற்காக அவருக்கு நன்றி சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும். பூசை முடிந்து வெளியே வந்தபோது பத்துப் பேராவது என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நானும் ஏதோ விமானம் ஓட்டிக் காட்டியவள்போலத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பெனுவா சிரித்தபடி ஒரு தபால் உறையை என் மேசையில் வைத்தார்.

"உன் ஸ்கேனருக்கு ஒரு பரிசு. இனி மாதம் ஒரு சிடி வரும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஆபத்துகளுக்கெல்லாம் புது விதிகள் அதில் இருக்கும். நீயே போட்டுக்கொள்," என்றார் பிரெஞ்சில்.

போட்டேன். பூச்சியம் முந்நூற்றுப் பன்னிரண்டாக மாறியது.

நல்ல நிரலாளர் என்றால் அந்த இடத்தில் எழுந்துபோய் மேலாளரிடம் சொல்லியிருப்பார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சுவாமியின் குரல். பூசை ஒப்புக்கொடுத்தாயிற்று. வாழ்த்தெல்லாம் வாங்கியாயிற்று. இனி எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவது? சுற்றுமுற்றும் பார்த்தேன். சிடியை வெளியே எடுத்தேன். பழைய விதிகளைத் திரும்பப் போட்டேன். திரை மறுபடியும் பூச்சியம் காட்டியது, எனக்கும் மூச்சு வந்தது.

பெனுவாவுக்கு எழுதப் பேனை தேடி எல்லாருடைய மேசை லாச்சியையும் திறக்கும் பழக்கம் இருந்தது. அதனால் சிடியைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆடியில் வந்ததையும் ஆவணியில் வந்ததையும் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தேன். அம்மா ஒருநாள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது என்ன பிள்ளை, தேவையோ?"

"தேவையில்லை அம்மா. எறியுங்கோ."

எங்கள் அம்மா எதையும் எறிந்ததாகச் சரித்திரம் இல்லை. (ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மிளகாய்த்தூள் இருக்கும், பிஸ்கற் டப்பாவுக்குள் ஊசி நூல் இருக்கும்.) மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலம் ஒன்று இருந்தது. கோடை நான்கு மாதமும் அம்மாவின் கத்தரியும் மிளகாயும் அங்கேதான். அதற்கு எமனாக அணில்கள். சிடியை நூலில் கட்டித் தொங்கவிட்டால் அதன் மினுக்கத்துக்கு அணில் கிட்ட வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்படியாக, உலகத்து நிபுணர்கள் மூளையைக் கசக்கி எழுதிய பாதுகாப்பு விதிகள், எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க்குக் காவலாக ஆடிக்கொண்டிருந்தன.

புரட்டாசியில் எனக்கு ஆறு மாதம் முடிகிற நேரம், துறைமுகத்திலிருந்து நிரலைப் பரிசோதிக்க ஒருவர் வந்தார். பெயர் ஜினெட். ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. அவர் தலையாட்டினால் ஒப்பந்தம். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பெனுவா என்னைப் பெருமையோடு காட்டி, "இவருடைய ஸ்கேனரில் மூன்று மாதமாகப் பூச்சியம்," என்றார்.

ஜினெட் என்னைப் பார்த்தார். "விதிகள் எந்த மாதத்தவை?"

"அண்மையில் வந்தவை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். திரையில் லொறி எண் கேட்கும் பெட்டிக்குள் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரிக் கட்டளையைத் தட்டினார். எங்கள் நிரல் அதை எண்ணா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், எசமான் உத்தரவு என்று நினைத்துப் பணிந்தது. எல்லா நிறுவனங்களின் லொறிகளும், ஓட்டுநர்களின் பெயர்களும், அவர்களுடைய நேரங்களும் புரொஜெக்டர் காட்டிய சுவரில் வரிசையாக வந்து விழுந்தன. நல்லவேளை, எல்லாம் நான் பரிசோதனைக்காக இட்டுக்கட்டியவை. முதல் பெயர் அப்பாவுடையது. காலை ஏழு மணி, முதல் இடம். (கற்பனை வரிசையில்கூட என் அப்பாவை நான் விட்டுக்கொடுக்கவில்லை.) ஜினெட் இன்னொரு வரி தட்டினார். அப்பா கடைசி இடத்துக்குப் போனார்.

என் காது இரண்டும் எரிந்தன.

"இந்த ஓட்டை உங்கள் ஸ்கேனருக்குத் தெரியவில்லை என்றால் அதன் விதிகள் பழையவை," என்றார் ஜினெட். "புது விதிகள் வந்தனவா?"

பெனுவா என் பக்கம் திரும்பினார். "சிடிகள் எங்கே?"

"வீட்டில்."

"ஏன் வீட்டில்?"

"பாதுகாப்பாக," என்றேன். இன்றுவரை நான் சொன்ன பொய்களிலே மிகக் கேவலமானது இதுதான்.

ஜினெட் செவ்வாய்க்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லி எழுந்தார். அன்று வியாழன். பெனுவா கோபப்படவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "போய் எடுத்துவா," என்று மட்டும் சொன்னார். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மா கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, மத்தியானத்தில வந்து நிக்கிறாய்?"

"அந்தச் சிடியெல்லாம் வேணும் அம்மா. இல்லையெண்டால் வேலை போயிடும்."

"எறியச் சொன்னனி."

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூற்றுப் பன்னிரண்டையும் சொன்னேன், ஒளித்ததையும் சொன்னேன். அம்மா குழாயை மூடினார்.

"அப்ப அந்தோனியாருக்கு நாங்கள் பொய்யோ சொன்னனாங்கள்?"

"ஓம் அம்மா."

"பூசையைத் திருப்பி வாங்கேலாது," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனவர் ஏறி நிற்கக் கதிரையோடும் கத்தியோடும் வந்தார். "வா, கழட்டுவம். எந்தப் பக்கத்தில இருந்து வேணும்?"

கடைசியாக வந்த சிடியில் முந்தைய விதிகளும் சேர்ந்திருக்கும், அது ஒன்று போதும். அது புரட்டாசியில் வந்தது; வேலிப் பக்கம், போன கிழமைதான் கட்டியது. மற்ற மூன்றும் மழையிலும் வெயிலிலும் தோல் உரிந்திருந்தன. இதில் ஒரு பறவை தன் கருத்தை எழுதியிருந்ததைத் தவிர வேறு சேதமில்லை. அம்மா அதைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அப்பாவின் பனியனால் துடைத்தார். பின்னேரம் அப்பா வந்து முழுக்கதையையும் கேட்டார். மகளின் வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அந்த மனிசி என்னை ஏன் கடைசிக்குத் தள்ளினவ?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பெனுவாவின் முன்னால் உட்கார்ந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கத்தரிக்காயை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு அவர் பார்த்திருக்கச் சிடியைப் போட்டேன். ஸ்கேனர் ஓடி முடிய அரைமணி நேரம் எடுத்தது. ஆயிரத்து நாற்பத்தேழு பிழைகள். பெனுவா எழுந்துபோய்ப் பலகையில் இருந்த பூச்சியத்தை மெதுவாக அழித்தார். வெயில் கோடுகளை மட்டும் விட்டுவைத்தார்.

எனக்கோ அந்த எண்ணைக் கண்டதும் பயம் விட்டுப்போனது. மூன்று மாதமாக ஒளித்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? பட்டியலை அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டினேன். மத்தியானத்துக்குள் ஒன்று புரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் பிழையும் ஆயிரம் விதம் இல்லை. முக்கால்வாசியும் ஜினெட் காட்டிய அதே ஓட்டைதான். பெட்டிக்குள் யார் எதைத் தட்டினாலும் சோதிக்காமல் உள்ளே விட்டிருக்கிறோம். எல்லாப் பெட்டிகளும் போய்ச் சேரும் ஓரிடத்தில் காவல் வைத்தால் போதும். வைத்தேன். ஸ்கேனரை மறுபடி ஓடவிட்டேன். எண்ணூறு பிழை ஒரே மூச்சில் காணாமல் போனது. கதிரையை விட்டு எழுந்து, ஆறு பேர் பார்த்திருக்க, ஒரு சுற்று ஆடினேன். அவ்வளவு சந்தோஷம் பழைய பூச்சியம் எனக்குத் தந்ததில்லை.

சனியும் ஞாயிறும் பெனுவாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திங்கள் மாலை பதினொன்று மீந்திருந்தது. அவற்றை ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது, எப்போது திருத்தப்படும் என்று ஒரு தாளில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஜினெட் வந்தார். ஒரு மணி நேரம் தட்டினார். பெட்டிக்குப் பெட்டி, வரிக்கு வரி தட்டிப் பார்த்தார். அவருடைய கோப்பி ஆறியது. நிரல் ஒவ்வொரு தடவையும் "இது லொறி எண் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அப்பா முதல் இடத்தை விட்டு அசையவே இல்லை. நான் என் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"பதினொன்று இருக்கிறது. விதிகள் இந்த மாதத்தவை," என்றேன். இந்தத் தடவை என் குரல் அடுத்த அறைக்கே கேட்டிருக்கும்.

அவர் தாளை இரண்டு தரம் வாசித்தார். "பா பீர்," என்றார். 'மோசமில்லை' என்று அர்த்தம். கியூபெக்கில் இதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது. பெனுவா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிடியை உறையிலிருந்து எடுத்துப் பார்த்த ஜினெட், கூடவே விழுந்த முடிச்சு நூலைக் கண்டார். (அம்மா அதையும் எறியாமல் உறைக்குள் வைத்திருந்தார்.) "இது என்ன?"

வேறு வழியில்லாமல் கத்தரிக்காயையும் சொன்னேன். பெனுவா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். ஜினெட் சிரிக்கவில்லை. முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்.

"அணில் வராமல் நின்றதா?"

"ஒன்றுகூட வரவில்லை."

"என் ஸ்ட்ரோபெரி முழுவதையும் பறவைகள் தின்கின்றன," என்றார். தோல் உரிந்த மூன்று சிடிகளையும் அடுத்த நாளே அவருக்கு அனுப்பிவைத்தோம்.

ஒப்பந்தம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமையே நிரந்தரக் கடிதமும் வந்தது. பணிகளின் பட்டியலில் முதல் வரியாக, 'ஸ்கேனரின் விதிகளை மாதந்தோறும் புதுப்பித்தல்' என்று பெனுவா தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். அடுத்த மாசியில் அப்பா தன் நேரத்துக்குத் துறைமுக வாசலில் போய் நின்றார், வாசல் திறந்தது. அன்று பொழுதுபடுவதற்கு முதலே வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "ஏழு நிமிசம்தான் நிண்டனான்," என்றார். நான் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மா இப்போதும் கலியாண வீட்டிலும் ஞானஸ்நான வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லுவார். அவர் சொல்லும் கதையில் பூசையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. "கொம்பியூட்டரில ஆயிரம் பிழை கண்டுபிடிச்சவள். நாலே நாளில எல்லாத்தையும் திருத்தினவள்," என்பார். வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை ஏறுகிறது. போன மாதம் ஒரு வரவேற்பில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஸ்கேனரின் விதிகளை நான் புதுப்பிக்கிறேன், எண்ணிக்கையை அம்மா புதுப்பிக்கிறார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு அன்ரி வாயைப் பிளந்து, "ஐயோ, ஆற்ற பிழை அவ்வளவும்?" என்று கேட்பார். அம்மா அவசரமாகப் பலகாரத் தட்டை நீட்டுவார்.

அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாம் இவளின்ர தான்," என்பார். நான் மேடையில் பரிசு வாங்கப் போகிறவள்போல எழுந்து நின்று கையை உயர்த்துவேன்.