ஜூடி சாகவில்லை, நான் மறுமணமும் செய்யவில்லை

இராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மரியாதைக்குரிய மூத்த மச்சான் சத்தியநேசன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜூடியின் வீட்டுக்காரன் ஞானரத்தினம் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் ஜூடியும் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க ஜெபிக்கிறோம். மேலே ஜூடியின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும் என்பதற்காக.

நம் சபையில் மணியடிக்கும் கோயில்பிள்ளையின் மகள் தங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். நான் மறுமணத்துக்குச் சான்றிதழ் கேட்டுச் சபை ஆபீஸுக்கு வந்தேன் என்று அவர் மகளிடம் சொல்ல, மகள் தங்களிடம் சொல்ல, அன்று முதல் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. ஜூடி பேசினாலும், நான் பக்கத்தில் நின்று மிரட்டிப் பேச வைப்பதாக நினைத்து வைத்துவிடுகிறீர்கள். கோயில்பிள்ளை பொய் சொல்லவில்லை மச்சான். நான் கேட்டது மறுமணச் சான்றிதழ்தான். ஆனால் ஏன் கேட்டேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லும் நிலைமையில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் சர்க்கரையினால் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள் அல்லவா, அதோடு பேண்டேஜ் துணித் தறியில் எனக்கு இருந்த வேலை போயிற்று. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை, முதலாளியைக் குற்றம் சொல்வதற்கில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன். அந்த பாரத்தில் 'கணவர் அல்லது மனைவி பெயர்' என்ற இடத்தில் ஜூடி என்றும், அதற்குக் கீழே 'அவர் வருமானம்' என்ற இடத்தில் இல்லை என்றும் எழுதினேன். அப்ப அவ வேலைக்குப் போகல, உள்ளதைத்தான் எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏத்தினவுக யாரோ, ஞானரத்தினம்னா பொம்பள, ஜூடின்னா ஆம்பள, வருமானம் இல்லைன்னா புருஷனே இல்லைன்னு ஏத்திட்டாக. ஏழு மாசம் ஒரு தகவலும் இல்ல. போய்க் கேட்டா பரிசீலனையில இருக்கும்பாக. எட்டாவது மாசம் தபால்ல உத்தரவு வந்துச்சு. எனக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை கொடுக்க உத்தரவாகியிருக்குதாம்.

ஜூடி சிரிச்சுக்கிட்டே, எந்தப் பேர்ல வந்தா என்ன, வாங்குங்கன்னா. என்னால முடியல மச்சான். அத வாங்கணும்னா உங்க தங்கச்சி செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போடணும். அம்புட்டு சுகக்கேட்டுலயும் என்னைத் தூக்கி உக்கார வச்சுக் குளிப்பாட்டினவ. பேனாவை எடுத்தேன், மூடி வச்சேன். உத்தரவைத் திருப்பி அனுப்பிட்டேன்.

அங்க பிடிச்சது சனி. கோப்பு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னொரு ஆபீஸுக்குப் போயிருச்சுன்னு சொன்னாக. ஆபீஸ் பேரை எழுதல, எழுதினா அதுக்கு ஒரு விசாரணை வரும். ஊன்றுகோலோட பஸ் ஏறி அங்க போனா, ஒருத்தருக்கு ஒரு உதவித்தொகைதான், விதவைத் தொகை ரத்தானாத்தான் மாற்றுத்திறனாளித் தொகை கிடைக்கும்ங்காக. சரி ரத்து பண்ணுங்கன்னேன். விதவைத் தொகை சும்மா ரத்தாகாது, ஒண்ணு பயனாளி சாகணும், இல்ல மறுமணம் பண்ணணும்ங்காக. ரெண்டுல எனக்கு எது தோதுப்படும்னு நீங்களே சொல்லுங்க. மூணு வாரம் யோசிச்சுட்டு, எங்க பழைய கல்யாணச் சான்றிதழையே நகல் எடுத்துக் கொடுத்துப் பார்ப்போம்னுதான் சபை ஆபீஸுக்குப் போனேன். மறுமணத்துக்குச் சான்றிதழ் வேணும்னு நான் அங்க கேட்டதுதான் கோயில்பிள்ளை காதுல விழுந்துச்சு.

நகலைக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு மெஷின்ல தட்டுனாக. செத்துப்போன கணவர் பேரும் புதுக் கணவர் பேரும் ஒண்ணா இருக்குதேன்னு மெஷின் நின்னுருச்சு. தேதியையும் ஏத்துக்கல. விதவையாகுறதுக்கு இருபத்தாறு வருஷம் முன்னாலயே மறுமணம் பண்ணியிருக்கீகளேன்னு கேட்டாக. மனு எழுதிக் குடுங்கன்னாக. எழுதினேன். போன மனு கிடைக்கல, இன்னொண்ணு எழுதுங்கன்னாக. அதையும் எழுதினேன்.

இதுக்கு நடுவுல ஜூடி பேண்டேஜ் கம்பெனியிலயே பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துட்டா. நான் நின்ன இடத்துல அவ நிக்கா. அவ சம்பளத்துல உக்காந்து திங்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திட்டேன். சர்க்கரைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சமாளிச்சேன். உங்க தங்கச்சி நேரா டாக்டர்ட்டயே போய்க் கேட்டுட்டா. அன்னைக்கு வந்து, சோத்தப் போட்டு, நான் தின்னு முடிக்கிற வரைக்கும் முன்னாலயே உக்காந்திருந்தா. பொறவு, நாளைக்கு நானும் ஆபீஸுக்கு வாரேன்னு சொல்லிட்டா.

போன புதன்கிழமை ரெண்டு பேரும் போனோம். சீட்டுல புதுசா ஒரு மேடம், இசக்கியம்மாள்னு பேரு. கோப்பைப் பார்த்தாக, என்னைப் பார்த்தாக, மீசையைப் பார்த்தாக.

"அண்ணாச்சி, நீங்கதான் அந்த விதவையா?"

ஆமாம்மான்னேன். வேற என்ன சொல்ல. இவிய யாருன்னு ஜூடியைக் காட்டிக் கேட்டாக. செத்துப்போன என் கணவர்னு சொல்லிட்டேன், மூணு மாசப் பழக்கம். அந்த மேடம் சிரிப்பாகன்னு நெனச்சேன். சிரிக்கல. எந்திரிச்சு, வாங்கன்னு எங்க ரெண்டு பேரையும் உள்ள ஆபீசர் ரூமுக்கே கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டாக. ஆபீசர், இதுக்கு மறுமணச் சான்று முறைப்படி வந்திருக்கான்னு கேட்டாரு. அப்பத்தான் உங்க தங்கச்சி வாயத் திறந்தா.

"சார், நான் சாகவும் இல்ல, நான் ஆம்பளையும் இல்ல. இவியளுக்கு ஒரு கால் இல்ல. அத மட்டும் எழுதுங்க, போதும்."

சத்தமாக்கூடச் சொல்லல மச்சான். ஆபீசர் என் காலைக் குனிஞ்சு பார்த்தாரு. கோப்பு வந்த இத்தனை மாசத்துல காலைப் பார்த்த முதல் ஆள் அவருதான். பச்சை மையில ஒரு கையெழுத்துப் போட்டாரு, விதவை ரத்தாயிருச்சு. செத்த நேரத்துல முடிஞ்ச வேலை. வெளிய வந்து படியில உக்காந்துட்டேன். அழுதேன்னுதான் வச்சுக்கோங்களேன். ஜூடி கடையில ஐம்பது கிராம் பால்கோவா வாங்கி, எனக்கு நகக்கண்ணளவு கிள்ளிக் கொடுத்துட்டு மிச்சத்தை அவளே தின்னா.

நேற்று மாற்றுத்திறனாளி உத்தரவு வந்துவிட்டது. பெயர் சரி, ஆண் என்பது சரி, மனைவி ஜூடி உயிரோடு இருப்பதும் சரி. இனி என் ஆயுசில் அந்த ஆபீஸ் வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தாங்கள் கோபத்தை விட்டு, ஒரு தரமாவது தங்கச்சி போனை எடுத்துப் பேச வேண்டும். மூன்று வாரமாகப் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடுகிறாள்.

தங்கள் குடும்பத்தின் மேல் கர்த்தர் தமது முகத்தைப் பிரகாசிக்கச் செய்வாராக. அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தங்களும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் முதலும் கடைசியுமான கணவன்,
ஞானரத்தினம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது, அந்த ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, என் மனுக்களை நகல் எடுத்துக் கொடுத்த ஜபருல்லா போன் செய்தார். கடை வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமாம், உக்காந்து பார்க்கிற வேலை, உங்கள மாதிரி எழுத இங்க ஆளில்ல அண்ணாச்சி என்கிறார். திங்கட்கிழமை முதல் தினமும் அங்கேதான். வேலை கிடைத்தால் உதவித்தொகை நின்றுவிடுமா என்று கேட்டேன். தெரியலையே, முதல் மனுவா அதையே எழுதிக் கேட்டுருங்க என்றார்.