முந்நூறு ரூபாய்க் குதிரை

மனிதர்களில் சல்லிசுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. காலேஜ் படித்தவர்களுக்கு இந்த இனத்தை அடையாளம் தெரியாது. முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு, ஆள் வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும். சாமான் தேவையா என்று சல்லிசுக்காரர் யோசிக்கவே மாட்டார். விலை இறங்கியிருக்கிறதா? போதும். மூடி இல்லாத ஃபிளாஸ்க், இடது கால் செருப்பு மட்டும் இரண்டு, வங்காளி எழுத்து ஒன்றுகூடத் தெரியாத வீட்டுக்கு வங்காளிப் பஞ்சாங்கம், எல்லாம் வந்து சேரும். அதன் பிறகுதான் பூஜையே ஆரம்பம். போகிறவர் வருகிறவரை எல்லாம் பிடித்து நிறுத்தி, "என்ன விலை இருக்கும், நீங்களே சொல்லுங்க" என்பார். நீங்கள் மரியாதைக்கு நூறு என்று வைத்தால், உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு!" என்பார். அந்தப் பன்னிரண்டைச் சொல்லும் சுகத்துக்குத்தான் இத்தனை பாடும்.

கல்கத்தா பவானிபூரில் இட்லிக்கடை வைத்திருந்த சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு கழுவ வந்து, இருபது வருஷத்தில் கடைக்கே முதலாளி ஆனவர். லேசுப்பட்ட ஆளா? எழுபத்து நாலில் பெட்ரோல் விலை எகிறியது. சணல் வியாபாரம் படுத்துக்கொண்டது. ரேஸ் குதிரை வைத்திருந்த சணல் தரகர்கள் தீனி போட்டு மாளாமல் அவற்றைத் தள்ளிவிட ஆள் தேடினார்கள். ஓடி ஓய்ந்த செம்பட்டைக் குதிரை ஒன்று, முந்நூறே ரூபாய். சிவலிங்கம் கணக்குப் போட்டார். பெட்ரோல் இப்படியே ஏறினால் கல்கத்தா டாக்சியெல்லாம் நின்றுபோகும், நின்றால் ஜனங்கள் குதிரைவண்டியைத் தேடுவார்கள், தேடினால் முந்நூறு மூவாயிரம் ஆகும். கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று.

குதிரை சாப்பிடும்.

கடைக்குப் பின்னால் கொல்லையில் கட்டினார். அவர் சம்சாரம் சுந்தரவல்லி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "நிக்காக, திங்காக, தும்முதாக. வேற என்ன சோலி அவுகளுக்கு?"

ஆறு மாதத்தில் கொள்ளு விலை இரண்டு மடங்கு ஆயிற்று. டாக்சி ஒன்றும் நிற்கவில்லை. சரி, விற்றுவிடலாம் என்றால், அங்கேதான் வந்தது வினை.

"என்ன அண்ணாச்சி, குதிரைய விக்கீகளாமே? எவ்வளவு?" என்றார் தினமும் டிபனுக்கு வரும் வேதாச்சலம்.

"உமக்காக எண்ணூறு."

"முந்நூறுன்னுல்லா சொன்னீக! காப்பி வாங்கிக் குடுத்து, உக்கார வச்சு, ரெண்டு தடவை சொன்னீகளே!"

பவானிபூர் பூராவும் அந்த முந்நூறு தெரியும். ஹவுராவிலும் தெரியும். தன் வாயாலேயே ஊர் முழுக்கத் தண்டோரா போட்டவர், இனி யாரிடம் போய் எண்ணூறு கேட்பது? முந்நூறுக்கு இறங்கினால், அந்த விலைக்கும் ஆள் இல்லை. வேண்டாத குதிரைகள் அவ்வளவு பெருகிவிட்டன. சில கனவான்கள் மைதானத்தில் குதிரையை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள்.

இந்தச் சமயத்தில் மாப்பிள்ளை, கொல்லையில் காய்ந்த ஒரு வேட்டியைத் தின்றது. வேட்டி, மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கோஷால் பாபுவுடையது.

"லிங்கம் பாபு! சனிக்கிழமைக்குள் குதிரை போக வேண்டும். இல்லாவிட்டால் கடை போக வேண்டும்!"

இருபது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த கடை. சனிக்கிழமை காலையில் சிவலிங்கம் குதிரையைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தோரம் குதிரைவண்டி ஓட்டும் சுலைமானிடம் போனார். "முந்நூறு வேண்டாம்ப்பா, நூறு கொடு. அதுவும் வேண்டாம், சும்மா பிடி."

சுலைமான் சிரித்தார். "பாபு, கொள்ளு விற்கிற விலையில் என் குதிரையையே போன மாசம் கொடுத்துவிட்டேன். வண்டிதான் சும்மா நிற்கிறது. எண்பது ரூபாய்க்கு எடுத்துக்கிறீங்களா?"

கடை, கெடு, வீட்டுக்காரர் எல்லாம் எங்கேயோ போயிற்று. எண்பது என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது.

"குதிரைய விக்கப் போனவுக வண்டியும் பூட்டிக்கிட்டு வாராகளே!" என்று சுந்தரவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

கோஷால் பாபு மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்தார். இரண்டு தடவை சுற்றி வந்தார். பித்தளை விளக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"நீங்களே சொல்லுங்க, பாபு."

"ஆயிரத்துக்குக் குறையாது."

"எண்பது!"

கோஷால் பாபுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கீழ்வீட்டுக்காரனுக்கு எண்பதுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே! "லிங்கம் பாபு, அதை எனக்கே கொடுத்துவிடும்."

"வண்டியை மட்டும் எப்படிப் பிரிக்கிறது? குதிரையோட முந்நூத்தி எண்பது. வாங்கின விலை."

"முந்நூற்று எழுபத்தைந்து! அதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்!"

அரைமணி நேரம் பேரம். கோஷால் பாபுவே ஜெயித்தார். கடை பிழைத்தது. குதிரை அதே கொல்லையில், அதே சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. கொள்ளு மட்டும் இப்போது மாடியிலிருந்து இறங்குகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கோஷால் பாபு வீட்டிலும் சண்டை முற்றிவிட்டதாம். குதிரையும் வண்டியும் சேர்த்து இருநூறு கிடைத்தாலே கொடுத்துவிடுவார் என்று பேச்சு. இதோ, சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லை எத்தனை அடி அகலம் என்று இப்போது எதற்காக யோசிக்கிறீர்கள்?