ரெக்ஸ்டேல்காரரின் போர்ட்டும் உன் அத்தானின் பேரும்

சிவமயம்

அஜின்கோர்ட்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கச்சி புனிதவதிக்கு,

அக்கா பரிமளம் எழுதிக்கொள்வது. ஒஷாவாவில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே எல்லாருக்கும் சுகம், எனக்கு மட்டும் இல்லை. போனில் சொல்லியிருப்பேன். நீ அதை ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்கவிடுவாய். என் மூட்டுவலிக் கதையைக் கேட்டு உன் சம்பந்தி வீட்டார் பின்னாலிருந்து சிரித்தது இன்னும் என் காதில் நிற்கிறது. அதனால்தான் கடிதம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றேன் என்பது உனக்குத் தெரியும், தொட்டிலில் கிடந்து கத்தினது நீதான். அப்படிப்பட்ட என்னைத்தான் என் மகன் ஸ்ரீதரன் எழுத்து வேலைக்கு வைத்திருந்தான். காசு போட்டுவிட்டு நின்றபடி விளையாடுகிற ஆளுயரக் கேம் பெட்டிகள் முந்திக் கடைகளில் நிற்குமே, அதன் வயிற்றுக்குள் இருக்கிற பச்சைப் பலகைதான் போர்ட். அதைத்தான் பேஸ்மென்டில் இருந்து திருத்துகிறான். ஒரு கையில் ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல், மற்றக் கையில் ஈயக் கம்பி, எழுதக் கை இல்லை. "அம்மா, நீங்கள் ஒண்டையும் மறக்கிற ஆள் இல்லை, நீங்களே எழுதுங்கோ" என்று ஒரு கொப்பியைத் தந்தான். யார் கொண்டுவந்தது, போர்ட்டுக்கு என்ன வருத்தம், எந்தச் சிப்பைக் கழற்றினது, எதைப் போட்டது, உயிர் வந்ததா இல்லையா. பிறகொரு காலம் அதே போர்ட் திரும்பி வந்தால் பார்த்ததையே திரும்பப் பார்க்கத் தேவையில்லையாம். நான் அதோடு நிற்பதில்லை. கேம் மண்டபம் வைத்திருக்கிற அன்ட்ரூவின் போர்ட்டுக்கு, "கோப்பி ஊற்றினது. இல்லையென்று சத்தியம் பண்ணினவர்" என்றும் எழுதி வைத்தேன். பிழையா சொல்லு? ஊற்றினவருக்கு மறந்துபோகும், பிறகு யார் ஞாபகம் வைத்திருப்பது?

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் ரெக்ஸ்டேலில் இருந்து எங்கள் ஆள் ஒருவர் வந்தார். துவாயில் சுற்றி ஒரு போர்ட். ஸ்ரீதரன் வெளியே போயிருந்தான். நான் கொப்பியை விரித்துப் பேரைக் கேட்டேன், அவர் சொன்னார். புனிதம், உன் அத்தானின் பேர்! அச்சு அசல் அதே பேர். எனக்குக் கை ஓடவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதுமில்லை, கையால் எழுதினதுமில்லை. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்லவேண்டும். கனடாவுக்கு வந்து யாரோ ஒருவரின் உடைந்த பலகைக்காக அதை எழுதுவேனோ? வீட்டில் உன் அத்தானை எப்படிச் சொல்வேனோ அப்படியே எழுதினேன். "இவர் கொண்டுவந்தது. சத்தம் இல்லை. படம் நடுங்குது." கீழே வழக்கம்போல என்னுடைய இரண்டு வரியும்.

என்ன நடக்குமென்று எனக்கென்ன தெரியும்? உன் அத்தானின் பழக்கம் உனக்குத் தெரியும்தானே. குப்பை எடுக்கிற நாளில் விடியவே எழும்பி, அயல் வீட்டு வாசல்களில் எறிந்து கிடக்கிறதைப் பொறுக்கிக்கொண்டு வருவார். கால் இல்லாத கதிரை, கழுத்து இல்லாத மேசை விளக்கு, நேற்றுக்கூட ஒரு பிரிண்டர். ஸ்ரீதரன் கொப்பியில் மேல் வரியை மட்டும் பார்த்திருக்கிறான், "இவர் கொண்டுவந்தது." அப்பா பொறுக்கி வந்த சாமான் என்று நினைத்துவிட்டான். அந்தக் கிழமைதான் அன்ட்ரூவும் விமானம் சுடுகிற அதே விளையாட்டின் போர்ட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இந்தச் சிப்புகளை இப்போது ஒருத்தரும் செய்வதில்லையாம். ரெக்ஸ்டேல்காரரின் போர்ட்டில் நல்லாயிருந்ததையெல்லாம் கழற்றி அன்ட்ரூவின் போர்ட்டில் போட்டான். அதுக்கு உயிர் வந்தது. அன்ட்ரூ இவனைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கொண்டுபோனார். நானே என் கையால் "உயிர் வந்தது" என்று எழுதினேன்.

சனிக்கிழமை ரெக்ஸ்டேல்காரர் வந்து மணி அடித்தார். ஸ்ரீதரன் மேசையில் கிடந்த பொத்தல் பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கொப்பியை எடுத்து அவருக்கு முன்னாலேயே உரத்து வாசித்தான். "இவர் கொண்டுவந்தது. சப்பாத்தோடு கார்பெட்டில் நடந்தவர். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்."

"சீனி கூடிப்போச்சு தங்கச்சி" என்றார் அந்த மனுசன்.

"அம்மா, ஆரம்மா இந்த இவர்?"

"அவர்தான்."

"எவர்?"

"கொப்பான்ரை பேர்க்காரர்!"

படியில் நின்ற உன் அத்தானுக்கு அது போதும். "கேட்டியளே? மாடு, மூதேவி, அறளை பேந்தது, எல்லாம் வாயிலை வரும். என்ரை பேர் மட்டும் வராது!"

நான் சிரிப்பு வருமென்று பார்த்தேன், ரெக்ஸ்டேல்காரர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டார். "வாற சனி மகளின்ரை ரிசெப்சன் தம்பி. நான் கடை வைச்சிருக்கேக்கை அவளை இந்த மெசினுக்கு முன்னாலை ஸ்டூலிலை ஏத்தி விட்டிட்டுத்தான் யாவாரம் பாத்தனான். வேறை ஆர் பிள்ளையைப் பாக்க இருந்தது? மண்டப வாசலிலை அதை வேலை செய்ய வைச்சு அவளுக்குக் காட்டவேணும் எண்டு..." அவர் ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு கேட்டிருப்பேன், மனமும் ஆறியிருக்கும். ஏசாத மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு ஸ்ரீதரன் அன்ட்ரூவிடம் ஓடினான். அவர் தரமாட்டேன் என்றாராம், மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களாம். இவன் கெஞ்சி, முழுக்கதையையும் சொல்ல, பேர் சொல்லாத மனிசிமாரும் உலகத்தில் இருக்கிறார்களா என்று அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போர்ட்டை அப்படியே ஒரு கிழமைக்கு இரவல் தந்தாராம். என்னால்தான் கெட்டது, என்னை வைத்துச் சிரித்துத்தான் சரிவந்தது. கோப்பி ஊற்றினவருக்கு நான் சிரிப்பாய்ப் போனேன்.

இப்போது இரண்டு போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை அன்ட்ரூவினது கல்யாண மண்டபத்துக்குப் போகவேண்டும். ரெக்ஸ்டேல்காரரினது புதுச் சிப் தேடும்வரை இங்கே கிடக்கவேண்டும். ஸ்ரீதரன் சொன்னான், "அம்மா, இந்த முறை எது ஆரின்ரை எண்டு பேரை எழுதி ஒட்டுங்கோ. ஏலாட்டில் கொப்பியைத் துர்க்காவிட்டைக் குடுங்கோ, அவ கொம்பியூட்டரிலை போடுவா." என் எழுத்தை எறும்பு ஊர்ந்தது மாதிரி என்று சொன்ன மருமகளிடமோ? அவள் சொன்னது இலையுதிர் காலத்தில், நீலச் சட்டையோடு நின்று சொன்னவள். அவளிடம் கொடுப்பதைவிட என்று, கொப்பியைக் கொண்டுபோய் உன் அத்தானின் மடியில் போட்டேன். "உங்கடை பேர், நீங்களே எழுதுங்கோ."

புனிதம், நான் களைத்துப்போனேன். படி இறங்கிக் களைப்பு, ஈயப் புகை மணந்து களைப்பு, எல்லாருடைய குற்றத்தையும் மறக்காமல் வைத்திருந்து அதைவிடக் களைப்பு. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கௌசியைக் காரோடு அனுப்பு. கொஞ்சக் காலம் உன்னோடு வந்து இருக்கிறேன், இவர் இங்கேயே பிரிண்டரோடு இருக்கட்டும். எனக்கு யன்னல் பக்க அறை வேண்டும். போனமுறை உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டாய்.

உன் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் பெரியம்மாவின் ஆசிகள். கௌசியின் கல்யாணத்தில் என்னைத் தூணுக்குப் பின்னால் இருத்தினதை மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லு. உன் மனுசனுக்கும் என் அன்பு, அவர் கேட்டால் மட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா பரிமளம்

பி.கு.: கௌசியை அனுப்பாதே. கடித உறையை ஒட்ட முன்னம் பசை தேடிப் பேஸ்மென்டுக்குப் போனேன். உன் அத்தான் தன் பேரை முத்து முத்தாக எழுதி, கிடந்த கிடந்த போர்ட்டிலெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார். அன்ட்ரூவினதிலும் ஒட்டியிருக்கு, ஈயக் கம்பிப் பெட்டியிலும் ஒட்டியிருக்கு. ஏன் இந்த வேலை என்று கேட்டால், "எழுதினவன்ரை பேர் இருக்க வேண்டாமோ?" என்கிறார். ஸ்ரீதரன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். இதுகளை நம்பிவிட்டு நான் எப்படி வருவது? வெள்ளிக்கிழமை அந்த மனுசனிடம் பிழையான பலகை போய்விடும். நான் இருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டேன். ரெக்ஸ்டேல்காரரின் போர்ட்டில் ஒட்டினதை மட்டும் எடுக்கவில்லை. நல்லாய்த்தான் எழுதியிருக்கிறார்.