தோக்கு டெய்லரின் மருந்தளவு

துணியில் கை வைக்காத தையல்காரர் உலகத்தில் கிடையாது. ஆனால் அப்படி எடுத்த துணியைத் துப்பாக்கிக்குள் திணித்துச் சுட்டே தீர்த்த தையல்காரர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் திருவட்டாற்றுக்கு அப்பால், மலையடிவாரத்தில், எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். துப்பாக்கிக்கு எங்கள் பக்கம் தோக்கு என்று பெயர். அதனால் அவர் தோக்கு டெய்லர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்தான்.

அந்தத் தோக்கு அவருடைய அப்பா காலத்துச் சொத்து. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது தம் கால்சட்டை தைத்தவரிடம் விட்டுப்போனது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, எண்ணெயில் நனைத்த துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். மருந்து எவ்வளவு, துணி எவ்வளவு கனம், எண்ணெய் எது என்று எல்லாம் கூடிவந்தால்தான் குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். அந்தச் சரியளவைக் கண்டுபிடிக்கவே டெய்லர் உயிர் வாழ்ந்தார். தையல் சும்மா பொழுதுபோக்கு.

மருந்தளக்க அவரிடம் இருந்தது, ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் பித்தளைத் தொப்பி. "ரெண்டரைத் தொப்பி வச்சா கீழ போவுது டீச்சரே, மூணு வச்சா மேல ஏறுது. இதுக்கெடையிலதான் எங்கியோ கெடக்கு சங்கதி" என்பார். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் டீச்சர். தொலைவை அளப்பதற்கோ, கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைத் தரையில் போட்டுக்கொண்டு தவழ்ந்தே போவார். பாதி வழியில் யாராவது "சுகமா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டால் எழுந்து திரும்பிப் போய் முதலிலிருந்து தவழ்வார்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் தைத்த எந்தச் சட்டைக்கும் பை கிடையாது. பைக்குரிய துணியெல்லாம் குண்டுக்குப் போய்விட்டது. கல்யாண மாப்பிள்ளை ஒருவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"ஓய், பாக்கெட்டு எங்க?"

"பாக்கெட்டுல போட உமக்கிட்ட என்ன இருக்குன்னு சொல்லும். நான் தச்சுத் தாறேன்."

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் ரவிக்கைகளின் கை மாதத்துக்கு மாதம் மேலே ஏறிக்கொண்டே போனது. போதகரின் அங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. அவர் நல்ல மனிதர், வெயில் காலத்துக்கு இதுவே சௌகரியம் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு பாடுபட்டவர் ஒரு காடை, கௌதாரியைக்கூட அதுவரை சுட்டதில்லை. கேட்டால் கோபம் வரும். "அளவு தெரியாம சுட்டா உசிரு போவாம ஓடும். காட்டுக்குள்ள கெடந்து துடிச்சுச் சாவும். அந்தப் பாவத்த எவன் சொமப்பான்?"

எனக்கு அவர் மேல் எரிச்சல்தான். காரணம் உண்டு. நாடு விடுதலையாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. ரேஷன் கடையில் அரிசியைக் கண்ணில் காட்டுவதோடு சரி. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான் எல்லாருக்கும் சோறு. நானும் என் வீட்டுக்காரரும் மலைச்சரிவில் ஒரு விளையைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து மரச்சீனி நட்டிருந்தோம். மூத்தவன் அப்போது என் வயிற்றில். அந்தக் கிழங்கு வீடு வந்து சேர்ந்தால்தான் பிள்ளை பிறக்கும் நேரத்தில் அடுப்பெரியும். டெய்லரோ எங்கள் விளையின் ஓரத்து மண்திட்டில்தான் பாக்குமரத்திலிருந்து விழுந்த கமுகம்பாளையைச் சாத்தி, தையல் சாக்பீஸால் வட்டம் போட்டு, தினமும் பொழுது சாயும் நேரத்தில் டமார் டமார் என்று வெடித்துக்கொண்டிருப்பார். வயிற்றுப் பிள்ளை குதிக்கும்.

"வேற எடம் கெடைக்கலியா அண்ணாச்சி?" என்று கேட்டால், "எடத்த மாத்தினா கணக்கு மாறிப்போவும் டீச்சரே" என்பார்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு தலையணை தைக்க, வரிபோட்ட மெத்தைத் துணி கொடுத்திருந்தேன். என் உள்ளங்கை அளவில் ஒரு தலையணை வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவர் என்னை மண்திட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப் போனார். "வந்து பாரும் டீச்சரே. உமக்க மெத்தைத் துணிதான். மூணு குண்டும் ஒரே ஓட்டை." உண்மைதான். பாளையின் நடுவில் ஒரே ஒரு துளை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் திட்ட மனம் வரவில்லை.

ஊரே வந்து பார்த்தது. வருடக்கணக்காகக் கேலி செய்தவர்கள் அவரை "ஆசானே" என்று கூப்பிட்டார்கள். அவர் தோக்குக்கு எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டினார். "இனி ஒரு வெடி வீணாக்கப்பிடாது" என்றார். மறுவாரமே சட்டைகளுக்குப் பை வந்துவிட்டது.

கூடவே காட்டுப்பன்றியும் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் சரிவின் மேல் பாதி உழுது போட்டதுபோல் கிடந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை மாதமும் சுற்றிலும் எல்லார் விளையிலும் பன்றி புகுந்தபோது எங்கள் விளையில் மட்டும் ஏன் புகவில்லை என்று நாங்கள் யோசித்ததே இல்லை. டெய்லரின் வெடியும் புகையும்தான் காவல் நின்றிருக்கின்றன.

என் வீட்டுக்காரர் அவரிடம் ஓடினார். "தினமும் சாயங்காலம் சும்மா ரெண்டு வெடி போடும் அண்ணாச்சி."

"சும்மா வெடி போட நான் என்ன கோயில் வெடிக்காரனா? அளவு இருக்கு, பன்னியவே சுடுகேன்" என்று அன்றைக்கே தோக்கோடு எங்கள் காவல் மாடத்தில் ஏறினார். வெடிச்சத்தமே கேட்கவில்லை. விடிந்ததும் இறங்கி வந்தார்.

"பன்னி வரலியா?"

"வந்துது. தாய்ப்பன்னி. பின்னால பொடிப்பொடிக் குட்டிய." என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எடுத்த அளவு தாய்ப்பன்னிக்குச் சேராது."

மறுநாள் பொழுது சாயும்போது மண்திட்டில் புதுப் பாளை நின்றது. டமார். ஊர் கூடிவிட்டது. டெய்லர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அன்னைக்குப் பட்டது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். மருந்தளவு தப்பு. மறுபடியும் முதல்லேருந்து பாக்கணும்."

ஆசான் பட்டம் அந்த நிமிடத்தோடு போனது. சிரியோ சிரி என்று சிரித்தார்கள். "மெஷின் மிதிக்கிறவனுக்கு எதுக்குவேய் தோக்கு?" என்றார் பையில்லாச் சட்டை மாப்பிள்ளை. டெய்லர் கேட்காததுபோல் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டீச்சரே, பாளையப் பாத்துச் சொல்லும். எப்பிடி இருக்கு?"

போய்ப் பார்த்தேன். குண்டு வட்டத்தின் நட்டநடுவில் பாய்ந்திருந்தது. அவருக்கு இருந்தது அந்த ஒரே பெருமைதான். அதை எங்கள் கிழங்குக்காக ஊர் முன்னால் அவிழ்த்துப் போட்டுவிட்டு நிற்கிறார்.

பாளையைத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டேன். "நல்லா வெலகிப்போச்சு அண்ணாச்சி. நாளைக்கும் பாக்கணும்."

"நான்தான் சொன்னேனே" என்றார்.

நாளைக்கும் பார்த்தார். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். கிழங்கு முற்றிப் பறிக்கும்வரை ஒரு சாயங்காலம்கூடத் தப்பவில்லை. பன்றி பிறகு எங்கள் சரிவில் கால் வைக்கவே இல்லை.

பறித்து முடித்த அன்று ஒரு ஓலைக் கடவம் நிறையக் கிழங்கை நிறைமாத வயிற்றோடு நானே பிடிவாதமாகச் சுமந்துகொண்டு போய் அவர் வாசலில் இறக்கினேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"மொத்தமும் வீடு வந்து சேந்தாச்சா டீச்சரே?"

"சேந்தாச்சு அண்ணாச்சி."

"அப்ப அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.