அழுத்தம் அளந்த படலம்

மனிதன் மலையை அளந்தான், கடலை அளந்தான், நிலவுக்கே போய் அங்கும் நாடாவைப் பிடித்தான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் மன அழுத்தத்தை இரண்டு தசமத் துல்லியத்தோடு அளந்த பெருமை எங்கள் நிலையத்துக்கு மட்டுமே உரியது. அங்கே முதுநிலை அளவீட்டு அலுவலர் நான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது; பதவியை மட்டும் சொல்லிவைத்தேன்.

முன்பு எங்களிடம் பேச்சுப் பயிற்சி ஆசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, படங்களைக் காட்டி ஏதோ 'பயிற்சி' கொடுப்பார். அதை எப்படி அளப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அவரை அனுப்பிவிட்டு, அவருடைய அறையை அளவீட்டு அறையாகத் 'தரம் உயர்த்தினோம்'. சுவரிலிருந்த படங்களைக் கழற்றியதும் ஆராய்ச்சிக்கு ஏற்ற வெறுமை வந்து சேர்ந்தது.

அந்த அறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ் ஓட்டும் பெண்மணி ஒருவர் தம் எட்டு வயது மகளோடு வந்தார். மதியம் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், சீருடையிலேயே வந்திருந்தார்.

"இவளுக்குப் பேச்சுப் பயிற்சி வேணும்னு எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு சார்."

"முதல்ல அளந்துடுவோம்மா" என்று அவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினேன். நாடித்துடிப்பு திரையில் 76 என்று ஓடியது. நூற்றிருபது கேள்விகள் கொண்ட படிவத்தைத் திறந்தேன்.

"உங்கள் குழந்தையால் நீங்கள் சோர்வடைவதுண்டா?"

"இவளாலயா? இல்ல சார். நாலு ஸ்கூல்ல இடமில்லன்னு திருப்பி அனுப்பினாங்க. அதுலதான் சோர்ந்து போனேன்."

"ஸ்கூலுக்குக் கட்டம் இல்லம்மா. குழந்தையால் அடிக்கடியா, எப்போதுமா?"

"'இல்லவே இல்லை'ன்னு ஒண்ணு இருக்குமே?"

"இருந்துச்சு. நிறைய பேர் அதையே போட்டதால எடுத்துட்டாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். நான் 'அடிக்கடி' என்று குறித்தேன்.

"உங்கள் குழந்தையால் அக்கம்பக்கத்தாரோடு சண்டை வந்ததுண்டா?"

"இவ படியேறும்போது பாட்டு மாதிரி முனகுவா. கீழ்வீட்டுக்காரர்தான் வெளிய வந்து கத்துவார்."

"அப்ப 'ஆம், குழந்தையால்'."

"நல்லாத்தான் அளக்கறீங்க சார்" என்றார். அதைக் 'கருத்து' பகுதியில் பாராட்டாகப் பதிந்துகொண்டேன்.

முப்பத்தெட்டாவது கேள்வியில் சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். எங்கள் டியூப்லைட் சற்று ரீங்காரமிடும். எங்களுக்குப் பழகிவிட்டது.

"சார், அந்த லைட்டை அணைச்சிடலாமா? அந்தச் சத்தம் இவளுக்கு ஊசி குத்தற மாதிரி இருக்கும்."

"அணைச்சா அளவீட்டுச் சூழல் கெட்டுடும்மா."

சிறுமி அலறினாள். தாயார் தரையில் உட்கார்ந்து, அவள் கைகளுக்கு மேல் தம் கைகளை வைத்து அழுத்திக்கொண்டார். திரையில் 90, 104, 118! என் பணிக்காலத்தில் அப்படியொரு அழகான ஏற்றத்தைக் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, திரையைப் பார்த்து.

பிறகு அந்த அம்மாள் எழுந்தார். விதிமுறையைத் துளியும் மதிக்காமல் சுவிட்சை அணைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சிறுமி மெல்ல அடங்கினாள். என் மேசைக்கு வந்தாள். ரப்பர் முத்திரையை எடுத்து என் புறங்கையில் 'பெறப்பட்டது' என்று அழுத்தமாகக் குத்திவிட்டுச் சிரித்தாள். எங்கள் நிலையத்தில் அன்று முறையாகப் பெறப்பட்டது நான் ஒருவன்தான். தாயாரும் சிரித்துவிட்டார். திரையில் 74.

வரைபடத்தை இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சதவீதம்'.

"இங்க ஏன் இறங்குது?"

"லைட்டை அணைச்சாங்க சார்."

"அப்படியெல்லாம் எழுதக்கூடாது. 'நிலையத்தின் தலையீட்டால் அழுத்தம் முப்பத்தேழு சதவீதம் குறைந்தது'ன்னு எழுதுங்க."

தாயாரை அழைத்துக் கைகுலுக்கினார்.

"பேச்சுப் பயிற்சி எப்ப சார் கிடைக்கும்?"

"அது தொண்ணூறுக்கு மேல இருக்கறவங்களுக்கும்மா. உங்களுக்குத்தான் குறைஞ்சுடுச்சே!"

"அப்ப லைட்டை அணைக்காம இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?"

"கொடுக்கறதுக்கு ஆள் இல்லம்மா. ஆனா தகுதி கிடைச்சிருக்கும்."

படிக்கட்டில் தொங்கும் பயணியைப் பார்ப்பதுபோல் அவர் இயக்குநரைப் பார்த்தார். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முன்னாடி இருந்த டீச்சர் இப்ப எங்க இருக்காங்க?"

சொல்லிவிட்டேன். ஓர் அலுவலர் செய்யக்கூடாத காரியம். எங்களுக்கு அளக்க மட்டுமே அனுமதி, அளவளாவ அல்ல.

அடுத்த மாதம் எங்கள் காத்திருப்பு பெஞ்சுகளில் இடைவெளி விழத் தொடங்கியது. விசாரித்தேன். பஸ் பணிமனை மாடியில் ஓட்டுநர்களின் ஓய்வறை சனிக்கிழமைகளில் சும்மா கிடக்குமாம். அங்கே அந்த ஆசிரியை, தரையில் பன்னிரண்டு பிள்ளைகள், சுவரோரம் அவர்களைப் பெற்றவர்கள். அலுவல்முறையில் அளந்துவரப் பட்டையோடு நானும் ஒருநாள் போனேன். ஆசிரியை ஒரு பஸ் படத்தைக் காட்டினார். நம் சிறுமி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "போலாம்" என்றாள்.

எட்டு வருடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. தாயார் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டையைப் பையிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை இயக்குநரிடம் ஒப்புக்கொண்டேன். "பன்னிரண்டு குடும்பங்கள் நின்னுட்டாங்க சார்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "நின்னவங்களோட அழுத்தம் இப்ப எவ்வளவு?"

"இங்க வராததால ஒண்ணும் பதிவாகல சார்."

"பதிவாகலன்னா பூஜ்யம்தானே?"

அப்படியே ஆயிற்று. பன்னிரண்டு குடும்பங்களும் ஆண்டறிக்கையில் 'முழு நலம் பெற்றோர்' பட்டியலில் முதலிடம் பெற்றன. இன்னும் முந்நூற்று எண்பது குடும்பங்கள் எங்களிடம் வந்துகொண்டிருக்கின்றன. அவர்களும் வருவதை நிறுத்திவிட்டால், எங்கள் சேவை நூறு சதவீதம் நிறைவேறிவிடும்.